நாள்பட்ட அடிவயிற்று அழற்சி: லைட் வைப்பதா, மருந்தை முடிப்பதா, கர்ப்பப்பையை எடுப்பதா?

மாதக்கணக்கில் அடிவயிறு வலிக்கிறது, நடுவு (இடுப்பு) கடுக்கிறது, வெள்ளைப்படுதல் நின்றபாடில்லை. மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ ஒரு ஸ்கேன் எடுத்தால் ‘பல்க்கி யூட்டரஸ், பி.ஐ.டி.’ (கர்ப்பப்பை பெரிதாக இருக்கிறது, அடிவயிற்று அழற்சி) என்று எழுதிய தாள் கைக்கு வருகிறது. அதற்குப் பிறகு யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. மருந்துக்கடையில் ஐந்து நாள் மாத்திரை தருவார்கள். “மைனி, பிசியோதெரபில லைட் வெச்சா சரியாவும்ணு சொன்னாவ” என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள். வீட்டில் மூத்தவர் ஒருவர், “பிள்ளையளுதான் ஆயாச்சே, கர்ப்பப்பையை எடுத்துப் போடு” என்பார்.

இந்த மூன்றில் எது என்று முடிவெடுக்க வேண்டிய பெண்களுக்காகவும், கூடவே ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளிச் சிகிச்சைக்கு ஓர் இடம் உண்டு. அது தொற்று அடங்கிவிட்டது என்று தெரிந்த பிறகு மிஞ்சுகிற வலிக்கான இடம். தொற்று உள்ளே உயிரோடு இருக்கிறதா என்று பார்க்காமல் வயிற்றில் விளக்கை வைப்பது, கருக்குழாய் கெட்டுப்போக நாமே நாள் கொடுப்பதாகும்.

முதலில் அது பி.ஐ.டி. தானா?

பிறப்புறுப்பு வழியாக ஏறும் கிருமிகள் கர்ப்பப்பை, கருக்குழாய், சூலகம் வரை போய் உண்டாக்கும் அழற்சிதான் பி.ஐ.டி. உடலுறவால் தொற்றும் கிளமிடியா, கொனோரியா ஆகியவை முக்கியமான காரணங்கள். யோனியில் நல்ல கிருமிகளின் சமநிலை குலையும்போது பெருகுகிற வேறு பாக்டீரியாக்களும் மேலே ஏறலாம். நம் நாட்டில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: காசநோய். நுரையீரலிலிருந்து இரத்தம் வழியாகக் கருக்குழாய்க்கு வந்து, இருமலும் காய்ச்சலும் இல்லாமல் வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பி.ஐ.டி. என்பதை ஸ்கேன் மட்டும் பார்த்து உறுதி செய்ய முடியாது. மருத்துவர் கையுறை போட்டு உள்ளே தொட்டுப் பார்க்கும்போது கர்ப்பப்பை வாயை அசைத்தால் வலிக்கிறதா, கர்ப்பப்பையையோ பக்கவாட்டில் குழாய் இருக்கும் இடத்தையோ அழுத்தினால் வலிக்கிறதா என்பதுதான் அடிப்படை அளவுகோல். ஸ்கேன் சுத்தமாக இருந்தும் பி.ஐ.டி. இருக்கலாம். ஸ்கேனில் கர்ப்பப்பைக்குப் பின்னால் கொஞ்சம் நீர் தெரிந்தும் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். மாதச் சுழற்சியின் சில நாட்களில் அந்த நீர் இயல்பானது. ‘பல்க்கி’ என்ற சொல்லும் அப்படித்தான். இரண்டு மூன்று பிள்ளை பெற்றவளுக்குக் கர்ப்பப்பை கொஞ்சம் பெரிதாக இருப்பது நோய் அல்ல.

எத்தனையோ பெண்கள் நாலைந்து ஸ்கேன் தாள்களைக் கவரில் போட்டு வைத்திருக்கிறார்கள், ஒருமுறைகூட உள்பரிசோதனை நடந்ததில்லை. கூச்சம் ஒரு காரணம், வரிசையில் நேரமில்லாதது இன்னொரு காரணம். கூச்சப்பட வேண்டாம். “டாக்டர், உள்ளே பரிசோதித்துப் பார்த்துச் சொல்லுங்கள்” என்று நாமே கேட்கலாம். பெண் மருத்துவர் வேண்டும், கூட ஒரு நர்ஸ் நிற்க வேண்டும் என்று கேட்பதும் நம் உரிமை.

பி.ஐ.டி. என்று எழுதப்படுவதில் ஒரு பகுதி வேறு நோயாக இருக்கும். மாதவிடாயோடு சேர்ந்து ஏறி இறங்கும் வலி என்றால் எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது) அல்லது அடினோமயோசிஸ் (அது கர்ப்பப்பைச் சுவருக்குள் வளர்வது) ஆக இருக்கலாம். சாப்பாட்டோடும் மலம் கழிப்பதோடும் சேர்ந்த வலி குடல் சம்பந்தமானதாக இருக்கலாம். சிறுநீர் நிறைந்தால் வலி என்றால் சிறுநீர்ப்பையைப் பார்க்க வேண்டும். அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) நாள் முழுக்கக் குத்தவைத்தோ தாழ்ந்த பலகையிலோ உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கும், தலையில் மீன் கூடை சுமந்து நடப்பவர்களுக்கும் இடுப்புத் தசைகளே இறுகி வலிப்பது உண்டு. இதில் ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. ‘கர்ப்பப்பையில் புண்’ என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி புண்ணே அல்ல. கர்ப்பப்பை வாயின் உள்பக்க மெல்லிய தோல் வெளியே சிவப்பாகத் தெரிவது அது. இளம் பெண்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் சாதாரணமாக இருக்கும்.

ஆனால் உறவுக்குப் பிறகு இரத்தம் படுவதும், நாற்றத்தோடு நீர் போவதும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கலாம். 30 வயது கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் சோதனை இருக்கிறது. சில நிமிடங்களில் முடியும். இந்தச் சோதனையை முடிக்காமல் எந்த லைட்டுக்கும் லேசருக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மருந்து: அலுப்பான வழி, ஆனாலும் முதல் வழி

அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், வெளிநோயாளிக்கு செஃப்ட்ரியாக்சோன் 500 மி.கி. ஒரு ஊசி, டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினம் இரண்டு வேளை, மெட்ரோனிடசோல் 500 மி.கி. தினம் இரண்டு வேளை, மாத்திரை இரண்டும் 14 நாள் என்று இருக்கிறது. நம் நாட்டின் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்தில் அடிவயிற்று வலிக்கென்றே மஞ்சள் நிறப் பொட்டலம் ஒன்று உண்டு, கிட் 6 என்பார்கள். அதில் செஃபிக்சிம் 400 மி.கி. ஒரே வேளை, மெட்ரோனிடசோல் 400 மி.கி., டாக்சிசைக்ளின் 100 மி.கி. இரண்டும் 14 நாள். அரசு மருத்துவமனைகளின் பால்வினைத் தொற்றுப் பிரிவில் இலவசம். இந்த அளவுகளைப் பார்த்து நீங்களே கடையில் வாங்குவதற்காகச் சொல்லவில்லை. கையில் இருக்கும் சீட்டு ஐந்து நாளுக்கு எழுதியிருந்தால் ஏன் என்று கேட்பதற்காகச் சொல்கிறேன்.

மருந்தின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. மெட்ரோனிடசோல் வாயில் உலோகக் கசப்பைத் தரும், குமட்டும். டாக்சிசைக்ளினை நிறையத் தண்ணீரோடு, உட்கார்ந்தோ நின்றோ விழுங்க வேண்டும். விழுங்கிவிட்டு உடனே படுத்தால் உணவுக்குழாயில் புண் வரலாம். வெயில் பட்டால் தோல் எளிதில் கருகும் தன்மையையும் அது உண்டாக்கும். குளச்சல், முட்டம் பக்கம் கடற்கரை வெயிலில் மீன் காய வைக்கும் பெண்கள் அந்த இரண்டு வாரம் முழுக்கை போட்டுக்கொள்வது நல்லது. கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்தால் டாக்சிசைக்ளின் கூடாது, மாற்று மருந்து உண்டு.

‘மாத்திரை சாப்பிட்டேன், மறுபடி வந்துவிட்டது’ என்பதுதான் லைட் பக்கம் போகிற பெண்களில் பலர் சொல்லும் காரணம். அந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பலருக்கு அங்கே ஒரு கேள்வி மிச்சம் இருக்கும்: கணவருக்கும் மருந்து கொடுத்தார்களா? அறிகுறி தொடங்குவதற்கு முந்தைய 60 நாளில் உறவில் இருந்த துணைவருக்கு, அவருக்கு ஒன்றுமே இல்லாவிட்டாலும், பரிசோதனையும் சிகிச்சையும் தேவை. ஆணுக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. வெளிநாட்டிலோ ஆழ்கடலிலோ வேலை செய்துவிட்டு மாதங்கள் கழித்து வரும் கணவர்கள் நிறைந்த ஊர் நம்முடையது. இதைப் பழி சொல்லும் விஷயமாக வீட்டில் பேசினால் மாத்திரை குப்பைக்குப் போகும். டாக்டரையே நேரடியாக அவரிடம் பேசச் சொல்வதுதான் எனக்குத் தெரிந்து பலன் தந்த வழி.

தாமதத்தின் விலை என்ன என்று கணக்கு இருக்கிறது. சுவீடனின் லுண்ட் நகரில் வெஸ்ட்ரோம் என்ற மருத்துவர் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1992இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு முறை பி.ஐ.டி. வந்தவர்களில் 8 சதவீதத்தினருக்கும், இரண்டு முறை வந்தவர்களில் 19.5 சதவீதத்தினருக்கும், மூன்றோ அதற்கு மேலோ வந்தவர்களில் 40 சதவீதத்தினருக்கும் குழாய் கெட்டதால் குழந்தை இல்லாமல் போனது. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. ஆகவே லைட் பத்து சிட்டிங் முடியட்டும், பார்க்கலாம் என்று இரண்டு வாரம் தள்ளிப்போடுவது சின்ன விஷயமல்ல.

இன்னொரு கணக்கும் அதே அளவு முக்கியம். அமெரிக்காவில் 831 பெண்களை வைத்துச் செய்து 2002இல் வெளியான ஆய்வில், லேசான அல்லது நடுத்தர பி.ஐ.டி.க்கு ஆஸ்பத்திரியில் படுத்து மருந்து எடுத்தவர்களுக்கும் வீட்டிலிருந்தே எடுத்தவர்களுக்கும் பிற்காலக் குழந்தைப்பேற்றில் வித்தியாசம் இல்லை. ஆனால் இரு குழுவிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குச் சில ஆண்டுகள் கழித்தும் அடிவயிற்று வலி மிஞ்சியிருந்தது. சரியான மருந்து எடுத்தும்கூட! கிருமி போய்விடும், அது விட்டுப்போன வடுவும், உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட ஒட்டலும் அப்படியே இருக்கும். தூண்டப்பட்டுப் பழகிய நரம்பும் அடங்காது. நாள்பட்ட வலிக்காரர்கள் பொய் சொல்வதில்லை, ‘எல்லாம் மனசுதான்’ என்று அவர்களை அனுப்பிவிடுவது அநியாயம். ஒளிச் சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டிய இடம் இங்கேதான் தொடங்குகிறது.

லைட் என்ற ஒரே பெயரில் ஐந்தாறு சமாச்சாரம்

ஒளி மருத்துவம் ஏமாற்று வேலை இல்லை. பிறந்த குழந்தைக்கு மஞ்சள்காமாலை என்றால் நீல விளக்கின் கீழே படுக்க வைப்பதை நம் வீடுகளில் பார்க்காதவர்கள் இல்லை. தோலில் தேங்கிய பிலிருபினை அந்த ஒளி உடலிலிருந்து வெளியேறக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது. தோலில் வரும் காசநோயைச் செறிவூட்டிய ஒளியால் குணமாக்கியதற்காக டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903இல் நோபல் பரிசே கிடைத்தது. சோரியாசிசுக்கு 311 நானோமீட்டர் புற ஊதா ஒளி இன்றும் நிலைத்த சிகிச்சை. இவை மூன்றிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: நோய் ஒளிக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. ஃபின்சன் தோலில் குணமாக்கிய அதே கிருமி கருக்குழாயில் இருந்தால் அவர் விளக்கு அதைத் தொட்டிருக்காது.

அதனால் யாராவது லைட் வைக்கலாம் என்று சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, எந்த லைட் என்பது.

பிசியோதெரபி மையங்களில் சர்வசாதாரணமாக இருப்பது அகச்சிவப்பு விளக்கு, ஐ.ஆர். லாம்ப். 250 வாட் சிவப்பு பல்பு ஒன்று, கால் மணி நேரம் அடிவயிற்றுக்கு மேலே. இது தருவது வெப்பம், அதுவும் மேல்தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள். இரத்த ஓட்டம் கூடும், தசை தளரும், வலி குறையும். கெட்டது ஒன்றுமில்லை. ஆனால் இதே வேலையை வீட்டில் வெந்நீர்ப் பை செய்யும். 2001இல் வந்த ஓர் ஆய்வில், மாதவிடாய் வலிக்கு அடிவயிற்றில் ஒட்டிய ஏறத்தாழ 39 டிகிரி வெப்பப் பட்டை, ஐபுபுரூஃபன் மாத்திரைக்கு நிகராக வலியைக் குறைத்தது. கருங்கலிலிருந்தோ கொல்லங்கோட்டிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்கு வந்து இந்த விளக்கின் கீழே படுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அடுத்தது குறைதிறன் லேசர், அல்லது எல்.இ.டி. பட்டை. 1967இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர், எலிகளின் மழித்த தோலில் மெல்லிய லேசரைக் காட்டியபோது முடி வேகமாக முளைத்ததைக் கண்டார். அங்கிருந்து தொடங்கியது இந்தத் துறை. சிவப்பு ஒளியும், கண்ணுக்குத் தெரியாத அருகாமை அகச்சிவப்பு ஒளியும் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதியில் உறிஞ்சப்பட்டு, செல்லின் ஆற்றல் உற்பத்தியையும் அழற்சிச் சமிக்ஞைகளையும் மாற்றுகின்றன என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். இதற்கு மிக வலுவான சான்று இருக்கும் இடம் வாய். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சும் கீமோவும் எடுப்பவர்களுக்கு வரும் கொடிய வாய்ப்புண்ணைத் தடுக்க இந்த ஒளியைச் சர்வதேச வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. கருவியை வாய்க்குள்ளேயே கொண்டுபோகலாம், ஒளி நேராகப் புண்ணில் விழும்.

வயிறு அப்படியல்ல. இருட்டறையில் டார்ச் விளக்கை விரல்களுக்குப் பின்னால் பிடித்தால் சிவப்பாகத் தெரியும். அதே டார்ச்சைத் தொடைக்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள், ஒன்றும் தெரியாது. அருகாமை அகச்சிவப்பு ஒளி சிவப்பை விடக் கொஞ்சம் ஆழம் போகும், அவ்வளவுதான். தோல், கொழுப்பு, தசை என்று தாண்டும்போது ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் பெரும்பகுதி சிதறி உறிஞ்சப்பட்டுவிடும். கருக்குழாய் அதை விடப் பல மடங்கு ஆழத்தில், குடலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கொழுப்பு கொஞ்சம் கூடினால் இன்னும் தூரம். ஆக, வயிற்றின் மேலே வைக்கும் லேசர் குழாயின் அழற்சியைக் குறைக்கிறது என்று யாராவது சொன்னால், ஒளி அங்கே போய்ச் சேர்கிறதா என்பதை அவர்தான் விளக்க வேண்டும். வயிற்றுச் சுவரின் தசையில் வலி குறையலாம், அது நடக்கக்கூடியதே. அதைக் குழாய்க்கான சிகிச்சை என்ற பெயரில் விற்கக் கூடாது.

இந்தத் தூரத்தைக் குறைக்கத்தான் யோனிக்குள் வைக்கும் கோல் போன்ற கருவிகள் வந்தன. இறுகிப்போன இடுப்புத்தளத் தசைகளுக்கு இவை பக்கத்தில் போகின்றன என்பது உண்மை. நாள்பட்ட இடுப்பு வலிக்கு வலி குறைந்ததாகச் சொல்லும் சிறு ஆய்வுகளும் உண்டு. ஆனால் அந்த ஆரம்ப ஆய்வுகளில் ஒப்பிட ஒரு போலி லைட் குழு, அதாவது உண்மைச் சிகிச்சை போலவே காட்டி வெறும் பாவனை மட்டும் செய்யப்பட்ட குழு, இல்லை. பி.ஐ.டி.க்கு ஒளி என்று பழைய சோவியத் வட்டாரத்திலிருந்து வந்த ஆய்வுகளின் சிக்கல் வேறு. அவற்றில் பெரும்பாலும் ஒளியை ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்தே கொடுத்தார்கள். குணம் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். மேலே சொன்ன 2021 வழிகாட்டுதலில் பி.ஐ.டி. சிகிச்சையாக ஒளி இல்லை.

போலிக் குழு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு நல்ல உதாரணம் கார்பன் டை ஆக்சைடு லேசர். மாதவிடாய் நின்ற பெண்களின் யோனி வறட்சிக்கும் எரிச்சலுக்கும் உலகம் முழுக்க இதை விற்றார்கள். 2018 ஜூலையில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இப்படிப்பட்ட லேசர்களால் தீக்காயமும் வடுவும் நீங்காத வலியும் வந்திருப்பதாக எச்சரித்தது. 2021இல் சிட்னியில் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது: உண்மை லேசர் பெற்றவர்களுக்கும், போலி லேசர் பெற்றவர்களுக்கும் ஓராண்டு முடிவில் வித்தியாசம் இல்லை. நாள்பட்ட வலி தானாகவே ஏறி இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் சிகிச்சைக்குப் போகிறோம், அதன் பிறகு இறங்குவது இயல்பு. அக்கறையாகக் கவனித்துக்கொள்ளும் ஒருவரிடம் பத்து நாள் போய்வருவதே உடம்புக்கு ஆறுதல் தரும்.

நரம்பில் ஊசி போட்டு இரத்தத்துக்குள் லேசர் செலுத்துவதும் சில இடங்களில் நடக்கிறது. இதை ஏற்க வேண்டாம் என்று நேராகவே சொல்கிறேன். உள்ளே ஓர் அழற்சி இருக்கிறது என்பதற்காக இரத்த நாளத்தில் புதிதாக ஒரு தொற்று வழியைத் திறப்பதற்கு நியாயம் இல்லை.

அப்புறம் எஸ்.டபிள்யூ.டி., அதாவது ஷார்ட் வேவ் டயாதெர்மி. இதையும் லைட் என்றே பலர் சொல்கிறார்கள். இது ஒளியே அல்ல, 27.12 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை. திசுவுக்குள்ளே ஆழத்தில் வெப்பத்தை உண்டாக்கும். பழைய நாட்களில் நாள்பட்ட பி.ஐ.டி.க்கு இதைக் கொடுத்தார்கள், இன்றும் நம் ஊர் பிசியோதெரபிஸ்ட்கள் கொடுக்கிறார்கள். ஆழம் போவதால் பலனும் கூடுதலாக இருக்கலாம், ஆபத்தும் கூடுதல். காப்பர்-டி போட்டிருந்தால் இது கூடாது, உள்ளே உலோகம் இருக்கிறது. கர்ப்பம், காய்ச்சல், சீழ்க்கட்டி, காசநோய், புற்றுநோய்ச் சந்தேகம், இதயத்தில் பேஸ்மேக்கர், மாதவிடாயின் அதிகப் போக்கு, இவற்றில் எது இருந்தாலும் கூடாது. இந்தக் கேள்விகளைக் கேட்காமல் ஒரு மையம் கருவியின் பட்டையை வயிற்றில் எடுத்து வைத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கத்தி

கர்ப்பப்பையை எடுப்பது பலருக்கு ‘ஒரேயடியாகத் தொல்லை தீர்ந்தது’ என்று தோன்றுகிறது. குழாயில் பெரிய சீழ்க்கட்டி இருந்து மருந்துக்கு அடங்காதபோது அறுவை உயிரைக் காக்கும். ஆனால் பி.ஐ.டி. என்று எழுதிய ஒரு ஸ்கேன் தாளை மட்டும் வைத்து 35 வயதுப் பெண்ணுக்குக் கர்ப்பப்பையை எடுப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. சூலகத்தையும் சேர்த்து எடுத்தால் அடுத்த நாளிலிருந்தே மாதவிடாய் நின்ற நிலைதான்: எலும்பு தேய்வு, இதய நோய், தூக்கமின்மை எல்லாம் முன்கூட்டியே வரலாம். வலி தசையிலோ குடலிலோ இருந்திருந்தால் கர்ப்பப்பை போன பின்னும் அதே வலி இருக்கும். தேவையற்ற கர்ப்பப்பை நீக்கங்களைத் தடுக்கும் மத்திய அரசின் 2022 வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது. இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, தக்கலை தலைமை மருத்துவமனை இருக்கிறது, மேற்கே இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரமும் தூரமில்லை.

ஒளியிடம் கேட்ட அதே போலிக் குழுக் கேள்வியைக் கத்தியிடமும் மாத்திரையிடமும் கேட்க வேண்டும். நெதர்லாந்தில் 100 பேரை வைத்துச் செய்து 2003இல் வந்த ஆய்வில், லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் அறுவை) மூலம் ஒட்டல்களை வெட்டிவிட்டவர்களுக்கும், கேமராவை விட்டுப் பார்த்ததோடு நிறுத்தியவர்களுக்கும் வலி குறைந்த அளவு ஒன்றாகவே இருந்தது. காரணம் தெரியாத நாள்பட்ட இடுப்பு வலிக்கு எழுதப்படும் கபாபென்டின் மாத்திரை, பிரிட்டனில் 306 பெண்களிடம் செய்த 2020 ஆய்வில் வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. தூக்கக் கலக்கமும் தலைச்சுற்றலும்தான் கூடுதல். மிஞ்சிய வலிக்கு மருத்துவத்தின் கையில் அற்புதம் எதுவும் இன்னும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டால் ஒரு வழிக்காக நகையை அடகு வைக்க மாட்டோம்.

ஆயுர்வேதம், சித்தம், வர்மம் மூன்றும் வேரூன்றிய மாவட்டம் இது. கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. தொற்று சரிபார்த்த பிறகு இடுப்புத் தசை வலிக்கு எண்ணெய்த் தடவலும் ஒற்றடமும் பலருக்கு இதம் தருகின்றன. ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும்: தொற்று இருக்கும்போது யோனிக்குள் எந்தக் கஷாயத்தையும் பீய்ச்சிக் கழுவுவது. உள்ளே கழுவுவதற்கும் பி.ஐ.டி. கூடுவதற்கும் தொடர்பு உண்டு.

யாருக்கு எது

கல்யாணமாகி இரண்டு வருடம், குழந்தை இல்லை, மாதவிடாய் குறைவாக வருகிறது, அடிவயிற்றில் மந்தமான வலி. இந்தப் பெண்ணுக்கு லைட்டைப் பற்றிப் பேசவே கூடாது. காசநோய்க்குக் கர்ப்பப்பை உள்சவ்விலிருந்து மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும். இருந்தால் ஆறு மாதம் இலவச மருந்து, காசநோயாளிகளுக்கான நிக்‌ஷய் போஷண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் சத்துணவுக்கு. பாதிக் குழாயாவது நன்றாக இருக்கும்போது கண்டுபிடித்துவிட்டால் அவளுக்குத் தாயாகும் வாய்ப்பு மிஞ்சும்.

காப்பர்-டி போட்ட பிறகு வலி என்று வருகிறவருக்கு வேறு கணக்கு. போட்ட முதல் மூன்று வாரத்தில்தான் அதனால் தொற்று வரும் ஆபத்து அதிகம். அதற்குப் பிறகு வந்த வலியை எல்லாம் காப்பர்-டி தலையில் கட்ட வேண்டியதில்லை. மருந்தைத் தொடங்கியதும் இரண்டு மூன்று நாளில் தேறினால் அதை எடுக்காமலே சிகிச்சை முடிக்கலாம், தேறாவிட்டால் எடுப்பதைப் பற்றி மருத்துவர் சொல்வார். டயாதெர்மி இவருக்கு முற்றிலும் இல்லை.

45 வயது, அண்டி ஆபீஸ் வேலை, கணவனும் மனைவியும் 14 நாள் மருந்தை முடித்தாயிற்று, உள்பரிசோதனையில் கிருமிக்கான அடையாளம் இல்லை, புற்றுநோய்ச் சோதனையும் சரி, வலி மட்டும் விடவில்லை. இவர் லைட்டை முயன்று பார்க்கலாம். நான் சொன்னால் அதற்கு முன் இடுப்புத்தளத் தசைக்கான பிசியோதெரபி, உட்காரும் பலகையின் உயரத்தை மாற்றுவது, இரவில் வெந்நீர்ப் பை என்று ஒரு மாதம் பார்த்துவிட்டுப் போகச் சொல்வேன். அப்புறமும் லைட் வேண்டுமென்றால், முழு பேக்கேஜுக்குப் பணம் கட்டாமல் நாலு சிட்டிங்குக்கு மட்டும் கட்டி, ஒவ்வொரு நாள் வலியையும் பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாலாவது சிட்டிங்கில் எண் இறங்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம். லேசர் கருவி என்றால் அதன் வகுப்பு என்ன, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி தருவார்களா என்று கேளுங்கள். சிகிச்சை லேசர்கள் பல 3பி வகுப்பைச் சேர்ந்தவை, கண்ணில் நேராகப் பட்டால் விழித்திரையைக் கெடுக்கும். உள்ளே வைக்கும் கருவி என்றால் ஒவ்வொருவருக்கும் புது உறையா, எப்படிக் கிருமி நீக்குகிறார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே. இணையத்தில் விற்கும் யோனிக் கோல்களை வாங்கி வீட்டில் தனியாக முயல வேண்டாம்.

செலவுக் கணக்கில் மறந்துபோவது போக்குவரத்தும் கூலியும். அரசு டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆசாரிபள்ளத்துக்குப் போய்வர டிக்கெட் செலவு மிச்சம். ஆனால் பரிசோதனைக்கும் முடிவு வாங்கவும் மறுபார்வைக்கும் இரண்டு மூன்று நாள் வேலை போகும். பத்து சிட்டிங் என்றால் பத்து நாள் வேலை போகும்.

எந்த வழியில் இருந்தாலும் சரி, 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நிற்காத வாந்தி, நிமிர முடியாத வலி என்றால் லைட்டையும் ஒற்றடத்தையும் நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போயிருக்கும்போது ஒரு பக்க வலி, தோள்பட்டையில் குத்தல், மயக்கம் என்றால் குழாயில் கரு தங்கி வெடித்திருக்கலாம். பி.ஐ.டி. ஒருமுறை வந்தவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். காரை எதிர்பார்த்து நிற்காமல் 108ஐ அழையுங்கள், போனிலேயே “மாதவிடாய் தள்ளிப்போயிருக்கிறது” என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.